‘கொக்கரக்கோ’ கணக்கு: நாலு பேருக்கு நாலு விடை, தப்பு எங்கே?

மாடிப்படி | சனி, இரவு 8.52

மகள் பதினொன்றாம் வகுப்பு. டியூஷனில் கொடுத்த பயிற்சித் தாளில் இருந்த ஒரு கணக்கால் சாயங்காலத்திலிருந்து வீட்டில் சண்டை. கணக்கு இதுதான்:

“கொக்கரக்கோ என்ற சொல்லின் ஆறு எழுத்துகளும் (கொ, க், க, ர, க், கோ) ஆறு அட்டைகளில் தனித்தனியே எழுதப்பட்டுள்ளன. அட்டைகளைக் குலுக்கி (அ) ஆறையும் வரிசையாக வைத்தால், (ஆ) மூன்றை மட்டும் ஒன்றன்பின் ஒன்றாக எடுத்து வரிசையாக வைத்தால், புள்ளி வைத்த எழுத்து முதலில் வராமலும், இரண்டு புள்ளி எழுத்துகள் அடுத்தடுத்து வராமலும் இருக்க நிகழ்தகவு என்ன?”

கடைசிப் பக்கத்தில் விடை மட்டும் இருக்கிறது, வழி இல்லை: (அ) 1/5, (ஆ) 2/3.

(அ)-வுக்கு எங்கள் வீட்டு விடைகள்:

மகள்: முதல் இடத்தில் க் வராமலிருக்க 4/6, அதாவது 2/3. இரண்டு க்-உம் ஒட்டி வர 1/3, ஒட்டாமல் வர 2/3. பெருக்கினால் 4/9.

அண்ணன் மகன் (பொறியியல் இரண்டாம் ஆண்டு, அந்த மிதப்பு வேறு): முதலில் க் வர 1/3, ஒட்டி வர 1/3. ஒன்றிலிருந்து இரண்டையும் கழித்தால் 1/3.

நான் (பி.காம்., 1998): புள்ளி இல்லாத நாலு எழுத்தை 24 விதமாக வைக்கலாம். ஒவ்வொன்றுக்கும் பின்னால் ஒரு சந்து, ஆக நாலு சந்து. முதல் க்-க்கு 4 இடம், அடுத்த க்-க்கு 3 இடம், 12. 24 × 12 = 288. மொத்த வரிசைகள் 6!/2! = 360 (6! என்றால் 6 × 5 × 4 × 3 × 2 × 1). எனவே 288/360 = 4/5.

எல்லாமே சரியாகத்தான் படுகிறது. நாலும் எப்படிச் சரியாக இருக்கும்? விடையைவிட, யார் எங்கே தவறினோம் என்று தெரிந்தால் போதும்.

---

சட்டெனசொல்லு | சனி, இரவு 9.03

பாப்பா போட்டதுதான் சரி. 4/9. இரண்டு நிபந்தனை, இரண்டையும் பெருக்கணும், அவ்வளவுதான். தாளில் அச்சுப்பிழை. அடுத்த கேள்வி?

---

நிரலி | சனி, இரவு 9.20

வாதம் எதுக்கு, எல்லா வரிசையையும் கணினியை எழுதச் சொல்லி எண்ணிடலாம். பைத்தானில் ஓடவிட்டிருக்கேன், இதோ வரேன்.

---

நிரலி | சனி, இரவு 9.41

சிரிக்காதீங்க. ‘கொக்கரக்கோ’ன்னு சொல்லை அப்படியே கொடுத்தேன். 36,28,800 வரிசைன்னு வந்தது. அது 10!. ஆறு எழுத்துச் சொல்லில் பத்து எப்படி வந்ததுன்னு பார்த்தா, யூனிகோடில் ‘கொ’ ஒரு எழுத்து இல்லை. ‘க’ ஒண்ணு, ஒகரக் குறி ஒண்ணு. ‘க்’ என்றால் ‘க’வும் புள்ளியும். 2+2+1+1+2+2 = 10. புள்ளி தனியா கழண்டு ர-க்கு மேலே போய் உக்காந்து ‘ர்’ எல்லாம் வந்திருக்கு.

எழுத்துகளை ஆறு துண்டாப் பட்டியலில் கொடுத்தப்புறம்: மொத்தம் 720, நிபந்தனைக்குப் பொருந்துவது 288. விகிதம் 0.4.

அதாவது 2/5. தாளில் இருக்கிற 1/5-உம் இல்லை, உங்க வீட்டு நாலில் எதுவுமே இல்லை!

---

மாடிப்படி | சனி, இரவு 9.44

எங்கள் வீட்டில் மூன்றுதான். நாலாவது தாளுடையது. இப்போது ஐந்தாவதும் வந்துவிட்டது. நல்லா விளங்கும்.

---

சட்டெனசொல்லு | சனி, இரவு 9.50

720 தப்பு. இரண்டு க் இருக்கு, 2!-ஆல வகுக்கணும்னு எட்டாம் வகுப்புப் பிள்ளைக்கும் தெரியும். கோட் எழுதத் தெரிஞ்சா கணக்கு தெரியும்னு அர்த்தமில்லை.

---

நிரலி | சனி, இரவு 9.58

வரிசைகளை எழுதித் தர்ற பைத்தான் கட்டளை எழுத்தைப் பார்க்காது, இடத்தைத்தான் பார்க்கும். இரண்டாவது இடத்து க்-உம் ஐந்தாவது இடத்து க்-உம் அதுக்கு வேற வேற. சரி, உங்க ஆசைப்படி, பார்க்க ஒரே மாதிரி இருக்கிறதையெல்லாம் ஒண்ணாக்கி எண்ணினேன்: மொத்தம் 360, பொருந்துவது 144. 144/360-ஐச் சுருக்கிப் பாருங்க. அதே 2/5.

---

பழையவாத்தியார் | ஞாயிறு, காலை 6.15

நேற்று சீக்கிரம் படுத்துவிட்டேன். முப்பத்திரண்டு வருடம் பிளாக்போர்டில் இதே சண்டையைப் பார்த்தவன் என்பதால் கொஞ்சம் நீளமாக எழுதுகிறேன்.

மாடிப்படி சார், முதலில் உங்கள் கணக்கு. அதில்தான் மிக அழகான தப்பு இருக்கிறது. சந்து முறை சரி. முன்னால் உள்ள சந்தை விட்டதும் சரி. ஆனால் ‘முதல் க்-க்கு 4, அடுத்த க்-க்கு 3’ என்றீர்களே, அங்கே ஒரு க்-க்குச் சிவப்பு மையும் இன்னொன்றுக்கு நீல மையும் தடவிவிட்டீர்கள். சிவப்பு இரண்டாம் சந்தில், நீலம் நாலாம் சந்தில் என்பதையும், இடம் மாறி இருப்பதையும் இரண்டாக எண்ணினீர்கள். அப்படி எண்ணலாம், தவறில்லை. ஆனால் கீழே 6!/2! என்று எழுதும்போது அதே மையை அழித்துவிட்டீர்கள். மேலே வண்ண க், கீழே கறுப்பு க். மேலே 288 என்றால் கீழே 720. கீழே 360 என்றால் மேலே 24 × 6 = 144.

தாளில் உள்ள 1/5 எப்படி வந்தது என்று வழி இல்லாமலே சொல்லிவிடலாம். 144/720. உங்கள் தப்பைத் தலைகீழாகப் போட்டிருக்கிறார்கள். மேலே மையை அழித்து, கீழே தடவியிருக்கிறார்கள். ஒரே தப்பின் இரண்டு பக்கம், ஒன்று விடையை இரட்டிப்பாக்கும், இன்னொன்று பாதியாக்கும். 4/5-க்கும் 1/5-க்கும் சரியான விடை 2/5 எப்படி இருக்கிறது என்று பாருங்கள்.

சட்டெனசொல்லு தம்பி, 720-இலும் 360-இலும் நிரலிக்கு ஒரே விடை வந்ததைக் கவனித்தீர்களா? 2!-ஆல் வகுப்பது நிகழ்தகவுக் கணக்கில் கட்டாயமில்லை. இரண்டு இடத்திலும் வகுக்கலாம், இரண்டு இடத்திலும் விடலாம்.

---

பழையவாத்தியார் | ஞாயிறு, காலை 6.40

அடுத்து பாப்பாவின் 4/9. காப்பி குடித்துவிட்டு வந்தேன்.

மற்ற நாலு எழுத்துகளை மறந்துவிடுங்கள். இரண்டு க் எந்த இரண்டு இடத்தில் உட்காருகின்றன என்பது மட்டும்தான் கேள்வி. ஆறு இடத்தில் இரண்டைத் தேர்ந்தெடுக்க 15 வழி:

1-2, 1-3, 1-4, 1-5, 1-6
2-3, 2-4, 2-5, 2-6
3-4, 3-5, 3-6
4-5, 4-6
5-6

முதல் வரி முழுவதும் போய்விடும், அங்கே க் முதலில் நிற்கிறது. மிச்சமுள்ள பத்தில் 2-3, 3-4, 4-5, 5-6 போய்விடும். தேறுவது 2-4, 2-5, 2-6, 3-5, 3-6, 4-6. ஆறு. 6/15 = 2/5.

இப்போது பாப்பா செய்ததை இந்தப் பட்டியலில் வைத்துப் பாருங்கள். முதல் இடம் காலியாக இருக்க 10/15, அது சரி. மொத்தப் பதினைந்தில் ஒட்டாதவை 10, அதுவும் சரி. ஆனால் பெருக்கும்போது இரண்டாவது எண்ணை மொத்தப் பதினைந்திலிருந்து எடுக்கக்கூடாது. முதல் நிபந்தனையைத் தாண்டி வந்த பத்திலிருந்து எடுக்க வேண்டும். அந்தப் பத்தில் ஒட்டாதவை 6. ஆகவே 2/3 × 6/10 = 2/5. முதல் இடத்துக்குப் பூட்டுப் போட்டதும் இரண்டு க்-உம் ஐந்து இடத்துக்குள் நெருங்குகின்றன. நெருங்கினால் ஒட்டும் வாய்ப்பு கூடத்தானே செய்யும்? 1/3-ஆக இருந்தது 2/5 ஆகிவிடுகிறது.

அண்ணன் மகன் செய்தது 1-2 என்ற ஜோடியை இரண்டு முறை கழித்தது. அது முதல் வரியிலும் இருக்கிறது, ஒட்டியவை கூட்டத்திலும் இருக்கிறது. 15 − 5 − 5 = 5 என்றார். இருமுறை போன ஒன்றைத் திருப்பிக் கொடுத்தால் 6. அவ்வளவுதான்.

---

மாடிப்படி | ஞாயிறு, காலை 7.30

ஐயா, மகள் இதை இரண்டு தடவை படித்துவிட்டு, “அப்பா, அந்தப் பட்டியலை முதலிலேயே போட்டிருந்தால் சண்டையே வந்திருக்காது” என்கிறாள். அண்ணன் மகனுக்கு போனில் படித்துக் காட்டினேன். “அவசரத்தில் விட்டுட்டேன் சித்தப்பா” என்கிறான்.

---

பூவரசு | ஞாயிறு, காலை 8.05

இழையைத் தொடர்கிறேன். (ஆ)-வை யாரும் தொடவில்லையே?

---

சட்டெனசொல்லு | ஞாயிறு, காலை 8.22

(அ)-வில் 4/9 என்றது என் தப்பு, ஒத்துக்கறேன். (ஆ)-வை முறையாப் போட்டுட்டேன். வாத்தியார் சொன்னபடி மேலேயும் கீழேயும் ஒரே மை, எல்லாம் கறுப்பு.

மூணு அட்டை வரிசைகள்:
க் இல்லாதவை: 4 × 3 × 2 = 24
ஒரு க் உள்ளவை: க்-க்கு 3 இடம், மற்ற இரண்டுக்கு 4 × 3, ஆக 36
இரண்டு க் உள்ளவை: மூன்றாவது எழுத்துக்கு 3 இடம், 4 எழுத்து, ஆக 12
மொத்தம் 72.

பொருந்துபவை: க் இல்லாத 24-உம். ஒரு க் இரண்டாவது அல்லது மூன்றாவது இடத்தில், 2 × 12 = 24. இரண்டு க் இருந்தா ஒண்ணு முதலில் வரும், இல்லேன்னா 2-3ன்னு ஒட்டும், ஒண்ணும் தேறாது. மொத்தம் 48.

48/72 = 2/3. தாளிலும் 2/3. (ஆ) தாளில் சரி.

---

நிரலி | ஞாயிறு, காலை 8.40

எனக்கு 72/120 வருது. 3/5.

---

சட்டெனசொல்லு | ஞாயிறு, காலை 8.44

நீங்க வண்ண மை. 120. நான் கறுப்பு. வாத்தியார்தான் சொன்னாரே, இரண்டும் ஒண்ணுன்னு. அப்போ உங்க கோடில்தான் பிழை.

---

நிரலி | ஞாயிறு, காலை 8.51

கறுப்பு மைக்கு மாத்தினேன். 48/72. நீங்க சொன்ன அதே எண். வண்ணத்தில் 3/5, கறுப்பில் 2/3. என்னங்கடா இது. வாத்தியார் சார்?

---

பழையவாத்தியார் | ஞாயிறு, காலை 9.10

என் வாக்கியத்தில் ஒரு ஓட்டை இருந்தது. ‘இரண்டு இடத்திலும் வகுக்கலாம், இரண்டு இடத்திலும் விடலாம்’ என்று பொத்தாம்பொதுவாகச் சொல்லியிருக்கக் கூடாது. கோயிலுக்குக் கிளம்பிக்கொண்டிருக்கிறேன், வந்து எழுதுகிறேன். 3/5 சரி.

---

கரைவலை | ஞாயிறு, காலை 9.48

வணக்கம். நான் யாழ்ப்பாணத்தில உயர்தரத்துக்கு இணைந்த கணிதம் படிப்பிக்கிறனான். வாத்தியார் ஐயா வாறதுக்கிடையில ஒரு சின்ன விசயம் சொல்லட்டோ?

சட்டெனசொல்லு தம்பி, மூண்டு அட்டை வேண்டாம். ஒரேயொரு அட்டை எடுங்கோ. உங்கட கறுப்பு மைக் கணக்கில வரக்கூடியது ஐஞ்சு: கொ, க், க, ர, கோ. அதில க் ஒண்டு. அப்ப க் வாற நிகழ்தகவு 1/5 எண்டு சொல்லுவீங்களோ? ஆறு அட்டையில ரெண்டில க் எழுதிக் கிடக்கு. கண்ணை மூடிக்கொண்டு இழுத்தா 2/6 தானே?

உங்கட எண்ணிக்கையில பிழை ஒண்டுமில்லை. 72 வடிவம் எண்டது முழுக்கச் சரி. பிழை, அந்த 72-உம் சமவாய்ப்பு எண்டு நினைச்சதில. ‘கொகர’ எண்டு வாறதுக்கு ஒரே வழிதான், அந்த மூண்டு அட்டையும் வரவேணும். ‘கொக்க’ எண்டு வாறதுக்கு ரெண்டு வழி, நடுவில சிவப்பும் வரலாம், நீலமும் வரலாம். அப்ப ‘கொக்க’, ‘கொகர’வைப்போல ரெண்டு மடங்கு வரும். நிறை போட்டுக் கூட்டிப் பாருங்கோ: 24 × 1 + 36 × 2 + 12 × 2 = 120. நிரலி சொன்ன 120 உதுதான். மேல 24 × 1 + 24 × 2 = 72.

(அ)-வில ஏன் இந்தப் பிரச்சினை வரேல்லை எண்டா, ஆறு அட்டையும் வைக்கேக்க ஒவ்வொரு வரிசையிலயும் ரெண்டு க்-உம் கட்டாயம் இருக்கும். எல்லா வடிவத்துக்கும் பின்னால சரியா ரெண்டு ரெண்டு வழி. எல்லாருக்கும் ஒரே நிறை, வெட்டுப்பட்டுப் போகும்.

---

பழையவாத்தியார் | ஞாயிறு, பகல் 11.30

கரைவலை அவர்களுக்கு நன்றி. அந்த ஒற்றை அட்டை உதாரணத்தை என் வகுப்புகளில் சொல்லாமல் போனேனே என்று இருக்கிறது. நான் சேர்க்க ஒன்றே ஒன்று. (ஆ)-வுக்கு எண்ணிக்கையே வேண்டாம், அட்டையை ஒவ்வொன்றாக எடுப்பதாக நினைத்தால் போதும். முதல் அட்டை க் இல்லாமலிருக்க 4/6. அப்படி வந்தபின், அடுத்த இரண்டும் க் ஆக 2/5 × 1/4 = 1/10, ஆகாமலிருக்க 9/10. 2/3 × 9/10 = 3/5. இதில் மை தடவ இடமே இல்லை.

என்பிஆரா (வரிசையாக அடுக்குவது) என்சிஆரா (வெறுமனே தேர்ந்தெடுப்பது) என்று குழம்பும் பிள்ளைகளுக்கு நான் இதைத்தான் சொல்வேன்: வாய்பாட்டைக் கீழே வை, அட்டையைக் கையில் எடு.

---

சட்டெனசொல்லு | ஞாயிறு, பகல் 11.52

கரைவலை அண்ணா, ஒரு அட்டை உதாரணத்துக்கு பதில் இல்லை. ஆனா மனசு ஒப்பலை. பார்வைக்கு ஒரே மாதிரி இருக்கிற இரண்டை நாம ஏன் வேற வேறன்னு கற்பனை பண்ணணும்? யாராலயும் பிரிச்சுச் சொல்ல முடியலைன்னா அது ஒண்ணுதானே?

---

பூவரசு | ஞாயிறு, பகல் 12.35

சட்டெனசொல்லு, இந்தச் சந்தேகம் வந்ததற்கு நீங்கள் வெட்கப்பட வேண்டாம். வரிசையில் பெரிய ஆட்கள் நிற்கிறார்கள்.

லைப்னிட்ஸ், நுண்கணிதம் கண்ட அதே லைப்னிட்ஸ், இரண்டு பகடை உருட்டினால் 11 விழுவதும் 12 விழுவதும் ஒரே அளவு எளிது என்று எழுதினார். 12-க்கு 6-உம் 6-உம், 11-க்கு 5-உம் 6-உம், ஆளுக்கு ஒரு வழி என்பது அவர் எண்ணம். உண்மையில் 11-க்கு 2/36, 12-க்கு 1/36. உங்கள் கறுப்பு மைதான்.

தலாம்பேர் 1754இல் பிரெஞ்சுக் கலைக்களஞ்சியத்தில், நாணயத்தை இரண்டு முறை சுண்டும் ஆட்டத்தில் ஒரு தலையாவது விழ வாய்ப்பு 2/3 என்று வாதிட்டார். முதலிலேயே தலை விழுந்தால் ஆட்டம் முடிந்தது. இல்லையென்றால் பூ-தலை, அல்லது பூ-பூ. ஆக மூன்று நிலை, இரண்டில் வெற்றி என்றார். முதல் நிலைக்கு மற்ற இரண்டையும்விட இரண்டு மடங்கு நிறை என்பதைப் பார்க்கவில்லை. சரியான விடை 3/4.

கலிலியோவிடம் இதே மாதிரி ஒரு கேள்வி வந்தது. மூன்று பகடையில் 9-ஐயும் 10-ஐயும் ஆறாறு விதமாகப் பிரிக்கலாம். பிறகு ஏன் சூதாடிகள் 10 அதிகம் விழுவதாகச் சொல்கிறார்கள்? அவர் 216 நிலைகளையும் பிரித்து எண்ணினார். 9-க்கு 25, 10-க்கு 27. 3-3-3 என்பது ஒரே வழியில்தான் வரும், 1-2-6 ஆறு வழியில் வரும்.

‘பிரித்துச் சொல்ல முடியாவிட்டால் ஒன்றுதானே’ என்ற உங்கள் கேள்விக்கு ‘ஆமாம்’ என்று விடை வரும் இடமும் உண்டு. 1924இல் டாக்கா பல்கலைக்கழகத்தில் இருந்த சத்யேந்திரநாத் போஸ், ஒளித்துகள்களை அப்படித்தான் எண்ணினார். கட்டுரையை ஐன்ஸ்டைனுக்கு அனுப்ப, அவரே ஜெர்மனில் மொழிபெயர்த்து வெளியிடச் செய்தார். இரண்டு ஒளித்துகள், இரண்டு நிலை என்றால் ‘இரண்டும் இதில், இரண்டும் அதில், ஆளுக்கொன்று’ என மூன்றே நிலை, மூன்றுக்கும் சம நிறை. அங்கே உங்கள் கறுப்பு மை ஜெயிக்கிறது.

---

பழையவாத்தியார் | ஞாயிறு, பகல் 1.05

பூவரசு, அருமை. ஆனால் தம்பி இதைப் பிடித்துக்கொண்டு நாளைக்குப் பரீட்சையில் அட்டையை ஒளித்துகள் ஆக்கிவிடப் போகிறார். அட்டை என்பது வீட்டு அட்டை. ஒன்றின் மூலை மடங்கியிருக்கும், இன்னொன்றில் காப்பிக்கறை இருக்கும். நாம் கவனித்தாலும் கவனிக்காவிட்டாலும் குலுக்கலில் அவை இரண்டு அட்டைகளாகத்தான் நடந்துகொள்ளும்.

---

மாடிப்படி | ஞாயிறு, மாலை 5.18

நீங்கள் எல்லோரும் பேசிக்கொண்டிருந்த நேரத்தில் மகள் பழைய நோட்டு அட்டையை வெட்டி ஆறு துண்டாக்கிவிட்டாள். ஐம்பது தடவை மூன்று மூன்றாக எடுத்தோம். அவள் எடுக்க நான் எழுத, என் மனைவி ‘இரண்டு பேருக்கும் வேலை இல்லை’ என்று சொல்ல.

ஐம்பதில் 31 தடவை நிபந்தனைக்குப் பொருந்தியது. 3/5 என்றால் 30 வர வேண்டும். வந்துவிட்டது! தாள் தப்பு என்று நிரூபணம் ஆயிற்று.

---

கரைவலை | ஞாயிறு, மாலை 5.40

பிள்ளைக்கு என்ர பாராட்டைச் சொல்லுங்கோ. ஆனா நிரூபணம் எண்டு சொல்லாதேங்கோ. 2/3 எண்டாலும் ஐம்பதில 33 வரும். முப்பதுக்கும் முப்பத்திமூண்டுக்கும் இடையில ஐம்பது தரம் எடுத்துத் தீர்ப்புச் சொல்லேலாது. மூண்டு நாலு கூடக்குறைய வாறது சாதாரணம்.

வேற ஒண்டைப் பாருங்கோ. க் ஒண்டுகூட வராத எடுப்புகள் எத்தினை? கறுப்பு மைக் கணக்கில 24/72, அதாவது 1/3, ஐம்பதில 16, 17 வரவேணும். வண்ண மையில 4/6 × 3/5 × 2/4 = 1/5, பத்து வரவேணும். ரெண்டுக்கும் நடுவில நல்ல இடைவெளி இருக்கு.

---

மாடிப்படி | ஞாயிறு, மாலை 6.02

எழுதி வைத்ததை எண்ணினேன். 9.

---

சட்டெனசொல்லு | ஞாயிறு, மாலை 6.10

சரி சரி. 9-க்கு முன்னாடி நான் என்ன சொல்ல. 3/5.

---

தமிழம்மா | ஞாயிறு, இரவு 7.25

கணக்கு எனக்கு ஆகாது, நான் தமிழாசிரியை. ஆனால் எல்லோரும் கணக்கில் தப்புத் தேடுகிறீர்கள், கேள்வியிலேயே ஒரு தப்பு இருப்பதை யாரும் சொல்லவில்லையே. மெய் முதலில் வராமல், இரண்டு மெய் அடுத்தடுத்து வராமல் என்று கேட்டவர், தமிழ்ச்சொல் போல அமையும் வரிசையைத்தான் மனதில் வைத்திருக்கிறார். அதற்கு இந்த நிபந்தனை போதாது, ஒரு பக்கம் அதிகமும்கூட.

அதிகம் ஏனென்றால், இரண்டு மெய் சேர்ந்து வருவது தமிழில் உண்டு. வாழ்க்கை, பார்த்தான், காய்ச்சல் எல்லாம் என்ன? ய், ர், ழ் மூன்றுக்கும் அந்த உரிமை இருக்கிறது. க்-க்கு இல்லை என்பதால் இந்தச் சொல்லில் தப்பித்துவிட்டார்கள்.

போதாது ஏனென்றால், க் தன் வரிசை எழுத்தோடு மட்டும்தான் மயங்கும். க்-க்கு அடுத்து கொ, க, கோ வரலாம், ர வரக்கூடாது. க் சொல்லின் கடைசியிலும் நிற்காது. அது மட்டுமா, ர சொல்லுக்கு முதலில் வராது, அதனால்தான் இராமன், உரோமம் என்று எழுதினார்கள். குறில் ஒகரம் சொல்லின் இறுதியில் வருவது ‘நொ’ ஒன்றில்தான், ‘கொ’ ஈற்றில் நிற்காது. இத்தனையும் தொல்காப்பியத்திலேயே இருக்கிறது. இப்போது எத்தனை தேறும், கணக்குக்காரர்கள் சொல்லுங்கள்.

---

பழையவாத்தியார் | ஞாயிறு, இரவு 7.58

அம்மா, இது மூலக் கணக்கைவிட நல்ல கணக்கு. முயல்கிறேன்.

க் எப்போதும் ஒரு ககர வரிசை எழுத்துக்கு முன்னால் ஒட்டிக்கொண்டுதான் வரும். ஆகவே நாலு எழுத்தை அடுக்கிவிட்டு, எந்த இரண்டுக்கு முன்னால் க் ஒட்டுவது என்று பார்த்தால் போதும். முதல் எழுத்துக்கு முன்னால் ஒட்டக்கூடாது.

ர முதலில் நின்றால்: மற்ற மூன்றை அடுக்க 6 வழி, மூன்றில் இரண்டுக்கு ஒட்ட 3 வழி, 18.
ககர எழுத்து முதலில் நின்றால்: அடுக்க 18 வழி, மிச்சம் இரண்டே ககர எழுத்து, இரண்டுக்கும் ஒட்டியாக வேண்டும், 1 வழி, 18.
மொத்தம் 36. 36/360 = 1/10.

ர முதலில் வரக்கூடாது என்றால் பாதி போய் 18, அதாவது 1/20. கடைசியில் கொ நிற்பவற்றையும் தள்ளினால்: கொ கடைசியில், க அல்லது கோ முதலில், நடுவில் இரண்டை மாற்ற 2 வழி, ஆக 4 போகும். 14. நிகழ்தகவு 14/360 = 7/180.

எல்லாம் ஆறு அட்டையும் வைக்கும் கணக்கு என்பதால் கறுப்பு மையில் எண்ணியிருக்கிறேன். தம்பி, இங்கே அது செல்லும்.

---

சட்டெனசொல்லு | ஞாயிறு, இரவு 8.06

ஒவ்வொரு வடிவத்துக்கும் பின்னால ரெண்டு ரெண்டு வழி, வெட்டிக்கும். தெரியும் சார்.

---

நிரலி | ஞாயிறு, இரவு 8.31

கோடில் தமிழம்மா விதியெல்லாம் போட்டேன். 14 சரி. பட்டியல்:

கொக்கரக்கோ, கொக்கக்கோர, கொரக்கக்கோ, கொரக்கோக்க, கொக்கோக்கர, கொக்கோரக்க, கக்கொரக்கோ, கக்கொக்கோர, கரக்கொக்கோ, கக்கோக்கொர, கோக்கொரக்க, கோக்கொக்கர, கோரக்கொக்க, கோக்கக்கொர.

---

மாடிப்படி | ஞாயிறு, இரவு 8.47

மகள் எல்லாவற்றையும் சத்தமாகப் படித்துக் காட்டினாள். ‘கரக்கொக்கோ’ ஜலதோஷம் பிடித்த சேவலாம், ‘கோக்கொக்கர’ தூக்கக் கலக்கத்தில் கூவுவதாம்.

நாளைக்கு டியூஷனில் தாளைக் கொடுத்து விடையைத் திருத்தச் சொல்லப் போகிறாள். (அ) 2/5, (ஆ) 3/5 என்று பென்சிலில் எழுதி, பக்கத்தில் அந்தப் பதினைந்து ஜோடியையும் போட்டிருக்கிறாள். ஆறு அட்டையும் பையில் இருக்கிறது.